பதினாலு பக்க உரையும் நாலாம் அடுக்குப் பெட்டியும்

எங்கள் கன்டெய்னர் யார்டுக்கு ஒரு மேடை வாங்க ஏழு மாதம் பிடித்தது. அதில் இரண்டு மாதம் பெயர் வைப்பதற்கு.

மேடை என்றால் நின்று பேசுகிற மேடை இல்லை. நான்கு சக்கரம், ஊன்றிக்கொள்ள நான்கு கால், நடுவில் கத்திரிக்கோல் போல மடங்கி நிமிரும் இரும்புக் கைகள், உச்சியில் இரண்டு பேர் நிற்க இடுப்புயரக் கம்பி வேலி போட்ட ஒரு தட்டு. ஃபோர்க்லிஃப்டில் கட்டி வேண்டிய இடத்துக்கு இழுத்துப்போய், கால்களை ஊன்றி, பொத்தானை அமுக்கினால் ஆளை நாலாம் அடுக்கு கன்டெய்னர் வரைக்கும் தூக்கிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் டைரக்டர் குவாக் தொக்-சூவின் கைக்குப் போன எதுவும் அவ்வளவுதான் என்று நின்றதில்லை. பெயர் வைக்க ஊழியர்களுக்குப் போட்டி அறிவித்தார். நூற்றுப் பதினெட்டுப் பெயர்கள் வந்தன. எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, தானே அனுப்பிய ‘வான்சிறகு ஒன்று’ என்ற பெயருக்கு முதல் பரிசைக் கொடுத்து, தானே வாங்கியும் கொண்டார். இரண்டு எங்கே என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. நாங்கள் அதைக் கொக்கு என்று கூப்பிட்டோம்.

நாங்கள் என்றால் பூசான் புதுத் துறைமுகத்தில் குளிர்பெட்டகம் பார்க்கிற குழு. ஐந்தே பேர். மேஸ்திரி மேங் மிரான் அக்கா, அவருக்கு அடுத்தபடி பியோ என்கிற நான், மற்ற மூவர் மாற்று ஷிப்டு. மீனும் பழமும் இறைச்சியும் போகிற ஒவ்வொரு பெட்டகத்தின் முகத்திலும் ஒரு குளிரூட்டும் எந்திரம் இருக்கும். அதற்கு மின்சாரம் கொடுப்பதும், உள்ளே எத்தனை டிகிரி என்று பார்ப்பதும், நின்றுபோனதை மறுபடி ஓடவைப்பதும் எங்கள் வேலை. மற்ற மாதங்களில் பெட்டகங்கள் இரும்புச் சட்டத்துக்குள் நிற்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் நடைபாதை உண்டு, நடந்துபோய்ப் பார்த்துவிடலாம். சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு முன்னால் பேரிக்காய் வர ஆரம்பித்தால் சட்டம் நிரம்பி வழியும். மிச்சத்தை வெட்டவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். எங்களிடம் இருந்த சக்கரம் வைத்த படிக்கட்டு மூன்றாம் அடுக்கோடு சரி. நாலாவதில் எந்திரம் நின்றால் கிரேனிடம் போய்ப் பல்லிளிக்க வேண்டும். கிரேனுக்கு எப்போதும் கப்பல்தான் முக்கியம்.

அப்படிக் காத்திருந்ததில் அந்த மாதம் இரண்டு பெட்டி கப்பலைத் தவறவிட்டன. டைரக்டர் கூட்டம் போட்டார். எங்களை நிற்கவைத்துக்கொண்டே நாற்பது நிமிடம் பேசினார். கடைசியில் சொன்னது ஒரே ஒரு விஷயம்: மூன்றாவதாக ஒரு பெட்டி நின்றால் திங்கட்கிழமையிலிருந்து வெளிக் கம்பெனி, நாங்கள் ஐவரும் வீட்டுக்கு. சும்மா மிரட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு கையெழுத்துக்காக அவர் அறைக்குப் போனபோது அந்தக் கடிதத்தை மேசையில் பார்த்தேன். தட்டச்சாகி, முத்திரை குத்தி, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், கொக்கு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றது. புது எந்திரம் வந்தால் பன்றித்தலை வைத்துப் படையல் போடாமல் எங்கள் ஊரில் யாரும் சாவியைத் திருப்ப மாட்டார்கள். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு, குறை சொல்லவில்லை. ஆனால் சாமி ஒன்பது நாள் தள்ளிப்போடச் சொல்லவில்லை. சியோலிலிருந்து தலைமையகத்தின் துணைத் தலைவர் வருவதற்கு அந்த வெள்ளிக்கிழமைதான் தோதாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு, நாலாம் அடுக்கில் ஒரு பெட்டி சிவப்பு விளக்கைப் போட்டது.

நாஜு ஊர்ப் பேரிக்காய், இருபது டன், அமெரிக்காவுக்கு. பூஜ்யம் டிகிரியில் இருக்க வேண்டியது மூன்றுக்கு ஏறியிருந்தது. மூன்றரை மணிக்குக் கப்பலேற வேண்டும். எந்திரம் ஓடி, வீசுகிற காற்று ஒரு டிகிரிக்குக் கீழே வந்தால்தான் கப்பல்காரன் பெட்டியைத் தொடுவான். மேங் அக்கா கீழே நின்று, தலையைச் சாய்த்து, முப்பதடி உயரத்திலிருந்து வருகிற சத்தத்தைக் கொஞ்சநேரம் கேட்டார்.

“கரன்ட விடுற கான்டாக்டர் ஸ்விட்ச் கருகிப் போச்சு. கம்ப்ரெஸருக்குக் கரன்ட் போகல. அர மணி நேர வேல.”

“இங்கேருந்தே எப்படிக்கா சொல்றீங்க?”

“வீட்டுக்காரர் வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடியே என்ன பொய் வருதுன்னு தெரியுதுல்ல? இதுவும் அப்படித்தான்.”

நேரே பாதுகாப்பு அதிகாரி நாம்குங்கிடம் போனோம். முப்பத்தெட்டு வயசு. வெள்ளை ஹெல்மெட்டில் ஐந்து ஸ்டிக்கர். கொக்கை எப்படிப் பயன்படுத்துவது என்று நாற்பத்திரண்டு பக்கத்தில் விதிப்புத்தகம் எழுதியவர். எங்களைவிடச் சின்னவர், ஆனால் பதவியில் பெரியவர். ஆகவே அலுவலகத்தில் என்னை ‘திரு. பியோ’ என்பார்.

“படையல் ரெண்டு மணிக்கு. அப்புறம் உரை, படம் எடுக்கிறது, துணைத் தலைவர் சுத்திப் பாக்கிறது. நாலு மணிக்கு மேடைய எடுத்துக்கோங்க மேஸ்திரி.”

“பெட்டி மூணரைக்குக் கப்பல் ஏறணும்.”

“அப்ப கிரேன வச்சு இறக்கிருங்களேன்.”

“கிரேன் வர்ற வழியிலதான் உங்க பந்தல் நிக்குது.”

நாம்குங் பந்தலைப் பார்த்தார். அறுபது நாற்காலி, மேசை, வெள்ளை விரிப்பு, நடுவில் பன்றித்தலை. சிரித்த முகமாக வேண்டும் என்று நான்கு கடை ஏறி இறங்கி அவரே வாங்கிவந்தது. “வச்ச படையல நகத்தலாமா? டைரக்டர் என்னைக் கொன்னே போடுவாரு” என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். மேங் அக்கா வேறு எதையோ கேட்டார்.

“ஐயா எங்க நின்னு பேசப் போறாரு?”

“மேடையிலதான். ரெண்டு மீட்டர் ஏத்தி…”

“ரெண்டு மீட்டரா? வான்சிறகுன்னு பேர வச்சிட்டு ரெண்டு மீட்டரா? கோழி கூட அவ்வளவு பறக்கும். நாலாம் அடுக்குக்கு ஏத்துங்க. அதோ, அந்தப் பேரிக்காய் அடுக்குப் பக்கத்துல நிறுத்தினா, பின்னாடி காதொக் தீவும் கடலும் விழும். துணைத் தலைவர் போனை எடுத்துத் தானே படம் பிடிப்பாரு.”

நாம்குங்கின் கண்ணில் அந்தப் படம் விழுந்துவிட்டது தெரிந்தது.

“ஆனா கூட லைசென்ஸ் உள்ள ஆள் ஒருத்தர் ஏறணும்” என்றார் யோசனையோடு. “இருபதாம் பக்கம்.”

“என்கிட்ட இருக்கு. உரை எத்தனை பக்கம்?”

“பதினாலு.”

“போதும்.”

“எதுக்குப் போதும்?”

“கேக்குறதுக்கு” என்றார் அக்கா.

வெளியே வந்ததும் எனக்குத் திட்டத்தைச் சொன்னார். டைரக்டர் பக்கம் பக்கமாக வாசிக்கட்டும். முதுகுக்குப் பின்னால் நான் வேலையை முடிக்கிறேன். நீ கீழே பெட்டியின் மின்கம்பி பக்கத்தில் நில். நான் சொல்லும்போது பிளக்கைப் பிடுங்கு, சொல்லும்போது மாட்டு. அவ்வளவுதான். நான் போய்ப் பிளக்குக்கான பூட்டை மூன்று தடவை பூட்டித் திறந்து பார்த்தேன். அக்கா கேன்டீனுக்குப் போய் ஒரு கிண்ணம் பன்றிச் சூப்புச் சோறு நிதானமாகச் சாப்பிட்டு, முள்ளங்கிக் கிம்ச்சி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

இரண்டு மணி. அறுபது பேரும் டை கட்டி உட்கார்ந்தார்கள். துணைத் தலைவர் எழுபதை நெருங்கிய மெலிந்த மனிதர். முன்வரிசையில் உட்கார்ந்து யாரும் கொடுக்காமலே அரிசிக் கேக்கை எடுத்துத் தின்ன ஆரம்பித்தார். டைரக்டர் குவாக்கின் கோட்டுக் காலரில் சின்னதாக ஒரு மைக்; உயரத்திலிருந்து பேசினாலும் யார்டு முழுக்கக் கேட்க வேண்டும் என்று நான்கு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். அவர் பன்றித்தலைக்கு முன்னால் நெற்றி தரையில் படக் கும்பிட்டார். அதன் வாயில் காணிக்கையாக ஒரு பணநோட்டைச் செருகினார். பிறகு மக்கொல்லிக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கொக்கைச் சுற்றி வந்தார்.

சக்கரத்துக்குச் சக்கரம் கொஞ்சம் மக்கொல்லியை, அதாவது அரிசிக் கள்ளை, தெளிப்பதுதான் வழக்கம். எங்கள் ஊரில் புதுக் காருக்கும் அதுதான், புதுக் கப்பலுக்கும் அதுதான். ஆனால் துணைத் தலைவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது டைரக்டரால் கொஞ்சமாக எதையும் செய்ய முடியாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு முழுக் கிண்ணம். சக்கரம் தீர்ந்ததும் ஊன்றிய கால்களுக்கு வந்தார். கடைசிக் காலின் மேல் சின்னதாக ஒரு பெட்டி. கால் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற ஸ்விட்ச் அதற்குள்தான் இருக்கிறது.

“ஐயா, அந்தப் பெட்டியில வேணாம்” என்றார் மேங் அக்கா.

“சாமிக்கு அளந்தா ஊத்துவாங்க?” என்றார் டைரக்டர், ஒலிபெருக்கியில். பாட்டிலையே கவிழ்த்தார்.

கைதட்டல். இருவரும் தட்டில் ஏறினார்கள். அக்காவின் கால்மாட்டில் ஒரு துணிப்பை இருந்ததை யாரும் கேட்கவில்லை. கொக்கு மெல்ல நிமிர்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று அடுக்கைத் தாண்டி, பேரிக்காய்ப் பெட்டியின் முகத்துக்கு நேரே போய் நின்றது. டைரக்டர் உரையைப் பிரித்தார்.

“மாண்புமிகு துணைத் தலைவர் அவர்களே! மனிதகுலம் என்றைக்கு முதன்முதலாக அண்ணாந்து பார்த்ததோ…”

மனிதகுலம் அண்ணாந்து பார்த்து ஒன்றரைப் பக்கம் ஆவதற்குள் சங்கு ஊதியது. மேடையின் தலையில் சிவப்பு விளக்கு சுழன்றது. பதிவுசெய்த ஒரு பெண்குரல், வங்கியில் டோக்கன் எண் கூப்பிடுகிற அதே பணிவோடு சொன்னது: “மதிப்பிற்குரிய பயனாளரே, கால் தரையில் ஊன்றப்படவில்லை. பாதுகாப்பு கருதி எல்லா அசைவுகளும் நிறுத்தப்படுகின்றன.”

“என்னது? யாரு கால்?” ஒலிபெருக்கி நான்கிலும் டைரக்டரின் குரல்.

“மேடையோட கால், ஐயா. கள்ளு உள்ள போயிருச்சு. கால் நல்லாத்தான் ஊனியிருக்கு, ஸ்விட்சுக்குத்தான் புத்தி மாறிருச்சு. ஒண்ணும் ஆகாது, மேலயும் போகாது, கீழயும் போகாது.”

“ஆடுது! மேங் மேஸ்திரி, ஆடுது!”

“மேடை ஆடல ஐயா. கம்பியப் பிடிச்சு நீங்கதான் ஆட்டுறீங்க.”

அறுபது பேர் தங்கள் ஷூக்களைப் பார்த்தார்கள். துணைத் தலைவர் இன்னொரு கேக்கை எடுத்தார்.

நாம்குங் விதிப்புத்தகத்தோடு ஓடிவந்தார். கொக்கின் அடியில் சிவப்பாக ஒரு கைப்பிடி உண்டு. மேலே எது கெட்டாலும் அதைக் கீழேயிருந்து இழுத்தால் தட்டு தானாக இறங்கிவிடும். நான் அதற்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கையை வைத்தேன்.

“அண்ணே, தொடாதீங்க!” இது நாம்குங். அண்ணன் ஆனது அந்த நிமிடத்தில்தான். “முப்பத்தொண்ணாம் பக்கம். கைப்பிடிய இழுக்க டைரக்டரோட எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேணும்.”

“டைரக்டர் மேல இருக்காரே தம்பி.”

“அதான் யோசிக்கிறேன்.” கையைக் குவித்து வாயில் வைத்து மேலே கத்தினார். “ஐயா! கைப்பிடிய இழுக்க ஒப்புதல் வேணும்!”

“கொடுத்தேன்! இழுத்துத் தொலை!”

“எழுத்துல வேணும் ஐயா! அந்த வார்த்தைய நீங்கதான் சேக்கச் சொன்னீங்க!”

மேலே காகிதம் சரசரத்தது. டைரக்டர் பதினாலாம் பக்கத்தின் முதுகில் கையெழுத்துப் போட்டுக் கீழே விட்டார். கடல்காற்று அதைப் பிடித்துக்கொண்டது. காகிதம் பெட்டிகளின் தலைக்கு மேலே போய், கொஞ்சநேரம் நின்று யோசித்து, கப்பல் பக்கமாகப் போய்விட்டது.

“ஐயா, கையெழுத்தெல்லாம் வேணாம்” என்று மேங் அக்காவின் குரல் கேட்டது. அவர் டைரக்டருக்குப் பக்கத்திலேயே நின்றதால் அவர் பேச்சும் மைக்கில் விழுந்தது. “பியோ இழுத்தா ரெண்டு நிமிஷத்துல தரை. அவன் புத்தகம் படிக்கிறவன் இல்ல.”

“அப்ப இழுக்கச் சொல்லு!”

“சொல்றேன். கண்ணத் தொறந்து இந்தப் பெட்டிய ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க, சொல்றேன். எத்தனை போட்டிருக்கு?”

டைரக்டர் கம்பியை விடாமலே தலையை மட்டும் திருப்பினார். “அஞ்சு… அஞ்சு புள்ளி எட்டு.”

“பூஜ்யம் இருக்கணும். நாஜு பேரிக்காய். மூணரைக்குக் கப்பல், இப்ப மணி ரெண்டு முப்பத்தஞ்சு. கீழ போனா, அந்த ஸ்விட்ச் காயுற வரைக்கும் மேடை எந்திரிக்காது. நாளைக்குத்தான் காயும். பெட்டி நின்னுடும். இது மூணாவது பெட்டி.”

டைரக்டர் மூச்சு விடுவது யார்டு முழுக்கக் கேட்டது.

“திங்கக்கிழமை எங்க அஞ்சு பேரையும் அனுப்பிடுவீங்க, சரி. ஆனா அறிக்கையில காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. மொதப் பெட்டிக்கு ‘ஏணி எட்டவில்லை’ன்னு எழுதினேன். ரெண்டாவதுக்கும் அதான். இதுக்கு மக்கொல்லின்னு எழுதணும். எத்தனை கிண்ணம்னு கேப்பாங்க. பாட்டில்னு சொல்லணும்.”

“மெதுவாப் பேசு… மைக் ஓடுதா?”

“ஓடுது ஐயா. பதினாலு பக்கமும் தாங்கணும்னு காலையிலதான் புது பேட்டரி போட்டாங்க.”

என் கை கைப்பிடியில்தான் இருந்தது. இதையெல்லாம் கேட்ட பிறகும் இழு என்று டைரக்டர் சொன்னால் நான் இழுத்தே ஆகவேண்டும். உயரத்தில் பயந்து நிற்கிற மனுஷனை வைத்துப் பந்தயம் கட்ட முடியாது. இழுத்தால் நாங்கள் ஐந்து பேரும் போனோம். துணைத் தலைவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

டைரக்டர் தொண்டையைச் செருமினார். எந்தக் குரலில் மனிதகுலம் அண்ணாந்து பார்த்ததோ அதே குரல் திரும்பி வந்தது.

“அன்பார்ந்தவர்களே! ஒரு பெட்டி ஆபத்தில் இருக்கும்போது குவாக் தொக்-சூ கீழே இறங்குவான் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்! வேலை முடிந்த பிறகே இறங்குவோம்!”

“சரி, இந்த டார்ச்சப் பிடிங்க” என்றார் மேங் அக்கா. “பியோ! கரன்ட எடு!”

கைப்பிடியை விட்டு ஓடினேன். பிளக்கைப் பிடுங்கி, என் பூட்டைப் போட்டு, சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு கத்தினேன். “எடுத்தாச்சுக்கா!” மேலே அவர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடியில் கை வைத்தார்.

அடுத்த அரை மணி நேரம் அந்த அறுபது பேரும் கேட்டதைப் போல ஒரு உரையை எங்கள் துறைமுகம் அதுவரை கேட்டதில்லை.

“மூடியில நாலு ஸ்க்ரூ. கழட்டித் தரேன், கையில வச்சுக்கங்க.”

“மூணுதான் இருக்கு.”

“நாலாவது உங்க ஷூக்கு அடியில. காலைத் தூக்குங்க.”

“காலையா? தூக்க முடியாது.”

“ஒரு கால் போதும் ஐயா, ரெண்டையும் கேக்கல.”

பிறகு கொஞ்சநேரம் ஸ்க்ரூ திருகுகிற சத்தம் மட்டும். பிறகு, “வெளிச்சத்த என் கைக்குக் காட்டுங்க. என் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.”

“கை நடுங்குது.”

“அப்ப ரெண்டு கையாலயும் பிடிங்க.”

“ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிச்சிருக்கேன்.”

“அப்ப எந்தக் கையில டார்ச்சு?”

“வாயில.”

பந்தலில் யாரோ முதலில் சிரித்தார்கள். பார்த்தால் துணைத் தலைவர். அவர் சிரித்ததும் சிரிப்பதற்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஐம்பத்தொன்பது பேரும் ஒரே சமயத்தில் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். மேலே டைரக்டர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாரோ என்னவோ, குரலில் தெம்பு வந்தது. “இது என்ன? இந்தக் கருப்பு எதனால? இத இப்படியே விட்டா என்ன ஆகும்?” என்று கேள்விமேல் கேள்வி. அக்கா எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிக்கொண்டே கருகியதைக் கழற்றிப் புதுசை மாட்டினார்.

மூன்று மணிக்கு, “பியோ, போடு!”

பூட்டைக் கழற்றி, பிளக்கை மாட்டினேன். எந்திரம் ஓடவில்லை. பத்து நொடி. இருபது நொடி.

“ஓடலையே மேஸ்திரி!” டைரக்டரின் குரலில் இருந்தது பயம்தான்; ஆனால் அது உயரத்தைப் பற்றிய பயம் இல்லை.

“ஓடும். மொதல்ல தன்னைத்தானே சோதிச்சுக்கும். பேசுறதுக்கு முன்னாடி நீங்க தொண்டையச் செருமுறீங்கல்ல, அந்த மாதிரி.”

நாற்பதாவது நொடியில் ‘டொம்’ என்று கம்ப்ரெஸர் பிடித்துக்கொண்டது. அந்த ரீங்காரம் ஒலிபெருக்கி வழியாக யார்டு முழுக்கப் பரவியது. டைரக்டர் பெட்டியின் முகத்திலிருந்த எண்ணை வாசிக்க ஆரம்பித்தார். “ஐந்து புள்ளி ஒன்று! நான்கு புள்ளி மூன்று!” பேஸ்பால் ஆட்டத்தில் புள்ளி அறிவிக்கிறவன் தோற்றான். ஒவ்வொரு எண்ணுக்கும் பந்தலில் கைதட்டினார்கள். டை கட்டிய கணக்குப் பிரிவு ஆட்கள், பேரிக்காயை அதுவரை தட்டில் மட்டும் பார்த்தவர்கள், “இறங்கு! இறங்கு!” என்று கத்தினார்கள். மூன்று பதினாறுக்கு, “பூஜ்யம் புள்ளி எட்டு!”

“இப்ப இறக்குடா பியோ” என்றார் அக்கா.

நாம்குங்கைப் பார்த்தேன். அவர் விதிப்புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “அண்ணே, நான் பன்றித்தலைய எடுத்து ஓரமா வைக்கப் போறேன். இந்தப் பக்கம் பாக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். இழுத்தேன். தட்டு உஸ்ஸென்று இறங்கியது.

அறுபது பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பந்தலைக் கிரேன் வழியிலிருந்து தூக்கினார்கள். ஃபோர்க்லிஃப்ட் கொக்கை ஓரமாக இழுத்தது. மூன்று இருபத்தொன்பதுக்கு அந்தப் பெட்டி கப்பலில் இருந்தது. டைரக்டர் தரையில் இரண்டு காலையும் ஊன்றி, ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, பாக்கெட்டிலிருந்து மிச்சப் பக்கங்களை எடுத்தார். “இன்று நான் நேரடியாகக் களத்தில்…”

“பசிக்குது” என்றார் துணைத் தலைவர். உரை அங்கேயே முடிந்தது.

ஆனால் கடிதம் முடியவில்லை. அது இன்னும் அந்த மேசையில்தான் இருந்தது. பெட்டி ஒன்று பிழைத்தது. அடுத்த வாரம் இன்னொன்று சிவப்பு விளக்கு போடும். ஐந்து மணிக்கு மேங் அக்கா பழுது அறிக்கையை எழுத உட்கார்ந்தார். பழுது நீக்கியவர்: மேங் மிரான். மின்சாரம் துண்டித்தவர்: பியோ. உதவியாளர் என்ற கட்டத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: குவாக் தொக்-சூ.

“அக்கா, எதுக்கு இந்த வம்பு? இப்பத்தான் பொழைச்சிருக்கோம்.”

“இன்னும் பொழைக்கல. இதுல அவர் பேர் ஏறினாத்தான் பொழைச்சோம். எந்திரி, கையெழுத்து வாங்கலாம்.”

டைரக்டர் படித்தார். மேலிருந்து கீழே ஒருமுறை, பிறகு அந்தக் கட்டத்தை மட்டும் மறுபடியும்.

“உதவியாளரா?”

“லைசென்ஸ் இல்லாதவங்களுக்கு அதுக்கு மேல போட விதி இல்லீங்க ஐயா. நாம்குங்கையே கேட்டுப் பாருங்க, இருபதாம் பக்கம்.”

“இது எங்க போகும்?”

“துணைத் தலைவர் மேசைக்கு. போகும்போது ‘அந்த டார்ச்சு ஆள் நல்ல ஆள்’னு சொல்லிட்டுத்தான் போனாரு.”

சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. டைரக்டர் தன் பேனாவை வைத்துவிட்டு, விழாவுக்கென்று வாங்கிய நல்ல பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். மூன்று பிரதி கேட்டார். ஒன்றுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டார்.

திங்கட்கிழமை வந்தது, கடிதம் வரவில்லை. புதன்கிழமை கூட்டத்தில் கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர், வெளிக் கம்பெனி இதைவிட மலிவு என்று மெல்ல எடுத்தார். டைரக்டர் அவரை எரித்துவிடுவது போலப் பார்த்தார். “நாலாம் அடுக்குல ஒரு தடவையாவது ஸ்க்ரூ கழட்டியிருக்கீங்களா நீங்க? எங்க குளிர்பெட்டகக் குழுவுல ஒவ்வொருத்தன் கையும் ஒரு தினுசு. வெளியாளுக்கு அது வராது.” எங்கள் குழுவின் பலகையில் ஐந்து பேர் என்று இருந்ததை ஆறு என்று மாற்றச் சொன்னார்; ஆறாவது ஆள் அவர். அந்தக் கடிதத்தை நான் கடைசியாகப் பார்த்தது அவர் மேசையில்தான்; கான்டாக்டரின் படம் ஒன்றை அதன் முதுகில் வரைந்து வைத்திருந்தார். மோசமில்லை.

இப்போது வியாழக்கிழமைதோறும் கையுறை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். தட்டில் ஏறி, கண்ணை மூடிக்கொண்டு உயர்ந்து, டார்ச்சைப் பிடிக்கிறார், இப்போதெல்லாம் கையில். எந்திரத்தின் மூடியை மட்டும் தானே மாட்டுவேன் என்று அடம். ஒவ்வொரு வாரமும் தலைகீழாக மாட்டுகிறார். மேங் அக்கா “அருமை ஐயா” என்று சொல்லி இறக்கிவிட்டு, அவர் ஆபீஸுக்குள் போகும்வரை காத்திருந்து, மறுபடி ஏறிப்போய் நேராக மாட்டிவிட்டு வருகிறார். அதற்கு ஆறு நிமிடம் ஆகிறது. ஐந்து பேர் வேலை தங்குவதற்கு அது ஒன்றும் அதிகமில்லை என்கிறார்.